நாரி நோவுக்கு உழிச்சல்: காப்புறுதி எதற்குப் பணம் தரும், எதற்குத் தராது

திருகோணமலையில் மசாஜ் என்ற ஒரே பெயரில் மூன்று விதமான சேவைகள் கிடைக்கின்றன. உப்புவெளி, நிலாவெளிக் கரையோர ஹோட்டல்களில் உல்லாசப் பயணிகளுக்குச் செய்வது ஒன்று. பிசியோதெரபிஸ்ட் பயிற்சிகளோடு சேர்த்துக் கையால் தசையை இளக்கிவிடுவது இன்னொன்று. ஆயுர்வேத, சித்த வைத்தியர் எண்ணெய் பூசி உழிந்து, ஒத்தணம் கொடுத்து, மூலிகைப் பத்துப் போடுவது மூன்றாவது. காப்புறுதிக் கம்பனியின் கணக்கில் முதலாவதுக்கு ஒரு சதமும் கிடையாது. இரண்டாவதுக்குப் பல பொலிசிகளில் வழி உண்டு. மூன்றாவது, பொலிசியில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்தது.

வைத்தியர் ஒரு நோயைப் பெயர் சொல்லி எழுதியிருக்க வேண்டும். அதற்கு இந்தச் சிகிச்சை தேவை என்று அவரே சொல்லியிருக்க வேண்டும். பதிவுள்ள ஒருவர் அதைச் செய்திருக்க வேண்டும். உழிச்சல் பில்லைக் கம்பனி இந்த மூன்றையும் வைத்துத்தான் பார்க்கும். அலுப்பு, உடம்பு இறுக்கம், மன அழுத்தம் என்று எழுதிய கடிதத்தோடு போனால் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும்.

கையில் இருப்பது எந்தக் காப்புறுதி?

வேலைத்தளம் எடுத்துக் கொடுக்கும் குழுக் காப்புறுதியில்தான் வாய்ப்பு அதிகம். வங்கி, தொழிற்சாலை, தொண்டு நிறுவனம் போன்ற இடங்களில் இது இருக்கும். அதில் வைத்தியசாலையில் தங்கும் செலவுக்கு ஒரு வருடாந்த வரம்பும், வெளிநோயாளர் செலவுக்கு வேறொரு வரம்பும் தனித்தனியே இருப்பது வழக்கம். பிசியோதெரபி இரண்டாவதில் வரும். உங்கள் குழுவுக்கு வெளிநோயாளர் நலன் எடுக்கப்படவில்லை என்றால் அந்தக் கதை அங்கேயே முடிந்தது. மனிதவளப் பிரிவில் நலன் அட்டவணையின் பிரதி ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். 'எல்லாம் கவர் ஆகும்' என்று வாயால் சொல்வதைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

தனியாக எடுத்த பொலிசி என்றால், அது ஆயுள் காப்புறுதியோடு ஒட்டிய மேலதிக நலனா, வருடா வருடம் புதுப்பிக்கும் மருத்துவக் காப்புறுதியா என்று பாருங்கள். ஆயுள் காப்புறுதியோடு வரும் நலன்கள் பலவும் வைத்தியசாலையில் தங்கிய நாளுக்கு இவ்வளவு என்று தருபவை. பாரிசவாதம் வந்து பத்து நாள் வார்ட்டில் கிடந்தவருக்கு அந்தப் பணம் வரும், பிசியோ செய்தாரா இல்லையா என்று கேட்க மாட்டார்கள். ஆனால் வீட்டுக்கு வந்தபின் மாதக்கணக்கில் செய்யும் உழிச்சலுக்கும் பயிற்சிக்கும் அதில் ஒன்றும் இராது. வருடாந்த மருத்துவக் காப்புறுதி சிலவற்றில், வைத்தியசாலையை விட்டு வெளியேறிய பின் குறித்த நாட்கள் வரைக்கும் தொடர் சிகிச்சைச் செலவு தருவார்கள். அந்த நாட் கணக்கு வெளியேறிய திகதியிலிருந்து ஓடத் தொடங்கும், நீங்கள் பிசியோவுக்குப் போன திகதியிலிருந்து அல்ல.

அரச ஊழியர்களுக்கு அக்ரஹார என்ற மருத்துவக் காப்புறுதி இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் அதை நடத்துகிறது. பங்களிப்பைச் சம்பளத்தில் கழிப்பார்கள். எந்தப் படிநிலையில் கழிக்கிறார்கள் என்பதைப் பொறுத்து நலன் மாறும், ஆகவே முதலில் சம்பளப் பட்டியலைப் பாருங்கள். படிவத்தை உங்கள் நிறுவனத் தலைவர் உறுதிப்படுத்த வேண்டும். முதன்மையாக வைத்தியசாலையில் தங்கிச் சிகிச்சை பெறுவோருக்கான திட்டம் இது. வெளியே போய்ச் செய்த உழிச்சலின் பில்லை அக்ரஹாரவை நம்பி வைத்திருக்க வேண்டாம்.

முதல் தடவை போவதற்கு முன்

பணம் கைக்கு வருமா வராதா என்பது இந்தக் கட்டத்திலேயே முடிவாகிவிடும். பலர் நாலைந்து தடவை உழிச்சலுக்குப் போன பிறகுதான் வைத்தியரிடம் கடிதம் கேட்கிறார்கள். கடிதத்தின் திகதி முதல் பில்லின் திகதிக்குப் பிந்தியிருந்தால், அதற்கு முன்னைய பில்கள் எல்லாம் கழிபடும்.

கடிதத்தில் நோயின் பெயர், எந்தப் பக்கம், எந்தப் பகுதி, எத்தனை தடவை, வாரத்துக்கு எத்தனை என்று இருக்க வேண்டும். 'பிசியோ தேவை' என்ற ஒற்றை வரி பல இடங்களில் திருப்பி அனுப்பப்படும். 'இடுப்பு முள்ளந்தண்டு இடைத்தட்டுப் பிதுக்கம், வாரம் 2 தடவையாக 8 தடவை, பின் மீளப் பரிசோதனை' என்ற மாதிரி எழுதித் தரச் சொல்லுங்கள். வைத்தியர் முத்திரையும் பதிவிலக்கமும் அடியில் தெளிவாக விழ வேண்டும்.

அடுத்தது செய்பவரின் பதிவு. பிசியோதெரபிஸ்ட் இலங்கை மருத்துவச் சபையில் பதிந்திருக்க வேண்டும். ஆயுர்வேதம், சித்தம், யுனானி என்றால் ஆயுர்வேத மருத்துவச் சபையின் பதிவு வேண்டும். 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ், பட்டம் பெற்றவர்களைப் போலவே பரம்பரை வைத்தியர்களும் அந்தச் சபையில் பதியலாம். முறிவு தறிவு பார்க்கும் பரிசாரியார் எவ்வளவு கைராசிக்காரராக இருந்தாலும், பதிவிலக்கம் இல்லாத துண்டை வைத்துக் கம்பனி ஒன்றும் செய்யாது.

பதிவு இருந்தாலும், 'சுதேச வைத்தியம் விலக்கு' என்ற வரி பொலிசியின் விலக்குகள் பகுதியில் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் எண்ணெய், பத்து, உழிச்சல் எல்லாம் உங்கள் செலவு. விலக்கு இல்லாவிட்டாலும் தங்கிச் செய்தால் மட்டும், குறித்த தொகை வரைக்கும் என்று நிபந்தனை இருக்கலாம். 'பஞ்சகர்மா தருகிறோம்' என்று விளம்பரப் பலகை வைத்திருக்கும் இடம் எல்லாம் வைத்தியசாலையாகக் கணக்கில் வராது.

பில்லில் என்ன இருக்க வேண்டும்

ஒவ்வொரு தடவைக்கும் தனித் திகதி, செய்த சிகிச்சையின் பெயர், தொகை, செய்தவரின் பெயரும் பதிவிலக்கமும், பணம் பெற்றதற்கான பற்றுச்சீட்டு. பத்துத் தடவைக்கு முன்கூட்டியே கட்டி ஒரே பில் வாங்கினால் சிக்கல்தான். நடந்த சிகிச்சைக்குத்தான் காப்புறுதி, நடக்கப்போவதற்கு இல்லை. சலுகை விலைக்கு ஆசைப்பட்டு அப்படிக் கட்டியிருந்தால், திகதிவாரியாக வருகைப் பதிவு ஒன்றை ஒப்பத்தோடு வாங்கி இணையுங்கள்.

பெயர் விஷயத்தில் எங்கள் ஆட்களுக்கு வரும் தொல்லை தனி. பொலிசியில் தகப்பன் பெயரோடு முழுப்பெயர், பில்லில் வீட்டுப் பெயர், வைத்தியர் கடிதத்தில் முதலெழுத்து மட்டும். ஆங்கில எழுத்துக்கூட்டலும் மூன்று விதமாக இருக்கும். தேசிய அடையாள அட்டையை நீட்டி, அதில் உள்ளபடியே எழுதச் சொல்லிவிட்டால் இந்த அலைச்சல் இல்லை.

ஹோட்டல் மசாஜை 'பிசியோ' என்று எழுதித் தரச் சொல்லும் யோசனை சிலருக்கு வரும். அது மோசடி. பிடிபட்டால் அந்தப் பில்லோடு நில்லாது, பொலிசியே இரத்தாகலாம். வேலைத்தளக் காப்புறுதி என்றால் ஒழுக்காற்று நடவடிக்கை வரைக்கும் போகும்.

கணக்கு எப்படி ஓடும்

ஒரு உதாரணம். பொலிசியில் வெளிநோயாளர் வரம்பு வருடத்துக்கு 40,000 ரூபா, அதற்குள் பிசியோவுக்கு 15,000, கம்பனி தருவது பில்லில் 80 வீதம் என்று வைப்போம். ஒரு தடவைக்கு 3,000 ரூபாவாக எட்டுத் தடவைக்கு 24,000. அதில் 80 வீதம் 19,200. ஆனால் உள் வரம்பு மறிக்கிறது. கைக்கு வருவது 15,000, உங்கள் பங்கு 9,000. '40,000 இருக்கிறதே' என்று நினைத்துப் போகிறவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள்.

அதே எட்டுத் தடவை, ஐந்து இந்தப் பொலிசி வருடத்திலும் மூன்று அடுத்த வருடத்திலும் விழுந்தால், 12,000மும் 7,200மும் சேர்ந்து 19,200 முழுவதும் கிடைக்கும். வரம்பு சிகிச்சைத் திகதியைப் பார்த்துக் கழிபடும். புதுப்பிக்கும் திகதி கிட்ட இருந்தால் இதை யோசிக்கலாம், நோவைப் பொறுத்துக்கொண்டு தள்ளிப்போடுவதற்காக இல்லை.

கணவன், மனைவி இருவரின் வேலைத்தளத்திலும் காப்புறுதி இருந்தால் ஒரே பில்லுக்கு இரு பக்கமும் முழுத்தொகை எடுக்க முடியாது. முதல் கம்பனி கொடுத்தது போக மிச்சத்தை மற்றதில் கேட்கலாம். அதற்கு முதல் கம்பனியின் தீர்வுக் கடிதமும் மூலப் பில்களின் உறுதிப்படுத்திய பிரதிகளும் வேண்டும். எப்படியும் மூலப் பில்லைக் கொடுப்பதற்கு முன் படம் எடுத்து வையுங்கள்.

உரிமைகோரல் படிவம், வைத்தியர் கடிதம், பில், பற்றுச்சீட்டு, வார்ட்டில் இருந்திருந்தால் நோய் நிர்ணய அட்டை, அடையாள அட்டைப் பிரதி, வங்கிப் புத்தக முதற்பக்கம் — இவ்வளவுதான் கட்டு. எத்தனை நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்பது படிவத்தின் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும். தபாலில் அனுப்பினால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

பழைய நோவு

கழிபடும் கோரிக்கைகளில் அடிக்கடி காண்பது 'காப்புறுதிக்கு முன்பே இருந்த நோய்'. கிளினிக் கொப்பியில் 'மூன்று வருடமாக நாரி நோ' என்று இருக்கும், பொலிசி எடுத்தது போன வருடமாக இருக்கும். விண்ணப்பத்தில் அதைச் சொல்லாமல் விட்டிருந்தால் கம்பனி மறுக்கக் காரணம் கிடைத்துவிடும். முகவர் 'இதெல்லாம் எழுதத் தேவையில்லை' என்றாலும் எழுதுங்கள், ஒப்பம் உங்களுடையது. குழுக் காப்புறுதிகளில் இந்த விதி சில வேளை தளர்த்தப்பட்டிருக்கும், அதையும் நலன் அட்டவணையில் பாருங்கள்.

மறுப்பு வந்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். எந்த வாசகத்தின் கீழ் மறுத்தார்கள் என்று தெரியாமல் மேற்கொண்டு வாதாட முடியாது. கம்பனியின் முறைப்பாட்டுப் பிரிவுக்கு முதலில் எழுதி, அதிலும் தீராவிட்டால் இத்தகைய முறைப்பாடுகளை விசாரிக்கும் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் போகலாம். அங்கே கட்டணம் இல்லை. 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவும் முறைப்பாடு ஏற்கும்.

பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்தால்

'அவுஸ்திரேலியாவில் மசாஜுக்கு இன்சூரன்ஸ் தருகிறதே' என்று பிள்ளைகள் சொல்வது உண்மைதான். அங்கே தனியார் காப்புறுதியில் 'எக்ஸ்ட்ராஸ்' என்ற பகுதி எடுத்திருந்தால், 'ரெமீடியல் மசாஜ்' எனப்படும் சிகிச்சை உழிச்சலுக்குத் தொகையில் ஒரு பங்கு வரும். சேர்ந்து வழக்கமாக இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும், ஆளுக்கு வருட வரம்பு உண்டு, செய்பவர் அந்தக் கம்பனி ஏற்றவராக இருக்க வேண்டும். இளைப்பாறும் மசாஜுக்கு அங்கேயும் இல்லை. அந்நாட்டு அரச மருத்துவக் காப்புறுதியான மெடிகெயர் இதற்குத் தராது. படிக்கப் போன பிள்ளையின் அடிப்படை மாணவர் காப்புறுதியிலும் இது இராது. விடுமுறைக்கு ஊருக்கு வந்து இங்கே செய்த உழிச்சலின் பில்லையும் அங்கே கொடுக்க முடியாது.

கனடா ஒன்ராறியோவில் மாகாணக் காப்புறுதி மசாஜுக்குத் தராது. வேலைத்தள நலன் இருந்தால் தரும், பதிவுபெற்ற மசாஜ் சிகிச்சையாளரின் பதிவிலக்கம் பில்லில் இருக்க வேண்டும். சில திட்டங்கள் வைத்தியர் கடிதமும் கேட்கும். பேரப்பிள்ளைகளைப் பார்க்க சூப்பர் விசாவில் போகும் அம்மா, அப்பாவுக்கு எடுக்கும் 100,000 டொலர் காப்புறுதி அவசர சிகிச்சைக்கானது. விமானத்தில் நெடுநேரம் இருந்ததால் வந்த முழங்கால் பிடிப்பை அங்கே போய் உழிந்துகொள்ள அது உதவாது.

காப்புறுதியே இல்லாதவர்கள்

திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையில் பிசியோதெரபி இலவசம். வெளிநோயாளர் பிரிவிலோ கிளினிக்கிலோ வைத்தியர் எழுதி அனுப்ப வேண்டும், முறைக்குக் காத்திருக்கவும் வேண்டும். எண்ணெய், ஒத்தணம், பத்து என்று போக விரும்புவோருக்குக் கப்பல்துறை ஆயுர்வேத வைத்தியசாலை இருக்கிறது. பழைய கிளினிக் கொப்பி, எக்ஸ்ரே, நோய் நிர்ணய அட்டை எதையும் விடாமல் கொண்டுபோங்கள். பாரிசவாதமோ முள்ளந்தண்டுச் சத்திரசிகிச்சையோ நடந்தவர் என்றால், உழிச்சல் செய்யலாமா என்று பார்த்த வைத்தியரிடம் கேட்டுவிட்டே போக வேண்டும்.