சூரையைத் துரத்தாத வலை

ஸ்பெயினின் தென்கோடியில், அட்லாண்டிக் பெருங்கடலை மத்தியதரைக் கடலோடு இணைக்கும் ஜிப்ரால்டர் நீரிணை, மிகக் குறுகிய இடத்தில் சுமார் 14 கிலோமீட்டர் அகலமே உடையது. ஆறும் மழையும் தரும் நீரைவிட மத்தியதரைக் கடலிலிருந்து ஆவியாகும் நீர் அதிகம் என்பதால், அந்தக் குறையை நிரப்ப அட்லாண்டிக் நீர் மேற்பரப்பில் ஓயாமல் உள்ளே பாய்கிறது. உப்பு மிகுந்து கனத்த நீர் அடியில் வெளியேறுகிறது. முட்டையிட வெதுவெதுப்பான நீரைத் தேடும் நீலத்துடுப்புச் சூரை மீன்கள், ஆண்டுதோறும் வசந்தத்தில் காடிஸ் மாகாணக் கரையையொட்டி இந்த வாயிலுக்குள் நுழைகின்றன.

கோனில், பார்பாத்தே, சாரா, தாரிஃபா ஆகிய ஊர்களின் மீனவர்கள் அவற்றைத் துரத்திச் செல்வதில்லை. வரும் வழியில் 'அல்மத்ராபா' என்னும் வலைக்கோட்டையை நிறுவிக் காத்திருக்கிறார்கள். அரபியிலிருந்து வந்த அச்சொல்லுக்கு 'அடிக்கும் இடம்' என்று பொருள். கரையிலிருந்து கடலுக்குள் நீளும் ஒரு வலைச்சுவரை மேலே மிதவைகளும் கீழே நங்கூரங்களும் நிமிர்த்திப் பிடிக்கின்றன. பாதை மறிக்கப்பட்டதும் சூரை ஆழத்தை நோக்கித் திரும்புகிறது. வலையறைகளின் வாய் திறந்திருப்பதும் அந்தப் பக்கம்தான். கடைசி அறையான மடிக்கு மட்டுமே அடிவலை உண்டு. நீரோட்டம் தணியும் நேரம் பார்த்து, படகுகள் அதைச் சதுரமாகச் சூழ்ந்து அடிவலையைத் தூக்கும்போது, 200 கிலோ எடையுள்ள மீன்கள்கூட நீரைக் கொதிக்க வைப்பதுபோல் மேலெழுகின்றன. பெரிய கண்களுள்ள இந்த வலையில் இளமீன்கள் தப்பிவிடுகின்றன என்பதே இம்முறையின் மிகப் பெரிய சிறப்பு என்பேன்.

பிடித்த சூரையை உடனே பனிக்கட்டி நீரில் அமிழ்த்துவதற்கு, அந்த மீனின் உடலமைப்பே காரணம். பெரும்பாலான மீன்களின் உடல் வெப்பம் கடல்நீரின் வெப்பத்தை ஒத்திருக்கும். சூரையோ, தசையிலிருந்து திரும்பும் சூடான இரத்தத்தையும் செவுளிலிருந்து வரும் குளிர்ந்த இரத்தத்தையும் நெருக்கமான நுண்குழாய்களில் எதிரெதிராக ஓடவிட்டு, வெப்பம் வெளியேறாமல் தடுத்துக்கொள்கிறது. இந்த அமைப்புக்கு உடற்கூற்றியலில் 'அற்புத வலை' என்று பொருள்படும் இலத்தீன் பெயர் இருக்கிறது. துள்ளித் திமிறிய மீனில் தேங்கும் அதே சூடு, குளிர்விக்கத் தாமதித்தால் இறைச்சியைக் கெடுத்துவிடும்.

கரையில் சூரையை அறுக்கும் கைத்தொழிலுக்கு 'ரோங்கேயோ' என்று பெயர். முதுகெலும்பை உரசிக்கொண்டு கத்தி இறங்கும்போது எழும் ஓசை குறட்டையை ஒத்திருப்பதால் வந்த பெயர் அது. முதுகுத் தசையை உப்பில் புதைத்து, கழுவி, காற்றில் உலர்த்தினால் 'மொஹாமா' என்னும் கருவாடு கிடைக்கிறது. தசையிலுள்ள நீரை உப்பு உறிஞ்சிவிடுவதால் நுண்ணுயிர்களுக்கு அதில் பிழைக்க வழியில்லை. கருஞ்சிவப்பாக இறுகிய அந்தத் துண்டை மெல்லிய சீவல்களாக்கி, ஆலிவ் எண்ணெய் தெளித்து உண்கிறார்கள். தாரிஃபாவுக்கு அருகே, பயெலோ கிளாவ்தியா என்ற ரோமானிய நகரத்தின் இடிபாடுகளில், மீனை உப்பிட்ட கல் தொட்டிகள் கடலைப் பார்த்தபடி இன்றும் வரிசையாக இருக்கின்றன.