போர்டு மாட்டும் முன் சுவரைப் பாருங்கள்

தயவுசெய்து, அனுமதி கைக்கு வருவதற்கு முன் கடை போர்டுக்கு ஆர்டர் கொடுக்காதீர்கள். எத்தனை முறை சொன்னாலும், முழுப் பணமும் கட்டி, போர்டும் தயாராகி, சில சமயம் மாட்டியும் முடித்த பிறகுதான் விண்ணப்பம் எங்கள் மேசைக்கு வருகிறது.

நான் கட்டடக் கலைஞன். அமெரிக்காவில் ஒரு சிறு நகரத்தின் பழைய டவுன்டவுன் பகுதியில், கட்டட முகப்புகளில் செய்யப்படும் மாற்றங்களைப் பரிசீலிக்கும் குழுவுக்காக வேலை செய்கிறேன். வருகிற விண்ணப்பங்களில் பெரும்பாலானவை கடை போர்டுகள்தான். அண்மையில் வந்த ஒன்றுதான் இதை எழுத வைத்தது. புதிதாக உணவகம் திறக்கும் ஒரு தமிழ்க் குடும்பம். நூறு ஆண்டு தாண்டிய செங்கல் கட்டடம். உள்ளே விளக்கு எரியும் பிளாஸ்டிக் பெட்டி போர்டை முகப்பின் முழு அகலத்துக்கும் மாட்டிவிட்டார்கள். ஷோகேஸுக்கு மேலே இருந்த கண்ணாடி வரிசை மொத்தமும் அதற்குப் பின்னால் மறைந்துபோனது. அதைத் தாங்கும் போல்ட்கள் செங்கல்லின் நடு முகத்திலும், இரண்டு ஓரத் தூண்களின் டெரகோட்டா ஓடுகளிலும் இறங்கியிருந்தன. ஓர் ஓடு குறுக்கே விரிசல் விட்டிருந்தது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "பர்மிட் எல்லாம் நாங்களே பார்த்துக்கொள்கிறோம்" என்று போர்டு செய்துகொடுத்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள், இவர்களும் நம்பிவிட்டார்கள். போர்டைக் கழற்ற வேண்டியதாயிற்று. போட்ட பணம் போனது.

கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது அந்தக் குடும்பத்துப் பெரியவர் கேட்டார்: "வெறும் போர்டுதானே தம்பி? வேண்டாம் என்றால் நாளைக்கே கழற்றிவிடலாம். கட்டடத்தை நாங்கள் ஒன்றும் செய்யவில்லையே?"

இந்தக் கேள்வி கேட்காத ஆளே இல்லை. அதனால் இதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்லிவிடுகிறேன். போர்டைக் கழற்றலாம். துளையைக் கழற்ற முடியாது.

பழைய செங்கல் இன்றைய செங்கல்லைவிட மென்மையானது. சூளையில் வெந்த வெளித்தோல்தான் அதில் ஓரளவு கெட்டியான பகுதி. டிரில் பிட் அந்தத் தோலை உடைத்துக்கொண்டு உள்ளே போனால், அதற்குப் பிறகு மழைத்தண்ணீர் உள்ளே இறங்க வழி கிடைத்துவிடுகிறது. குளிர்காலத்தில் அந்தத் தண்ணீர் உறையும். உறையும்போது தண்ணீரின் கனஅளவு ஏறத்தாழ 9 சதவீதம் கூடும். உறைந்து, உருகி, மறுபடி உறைந்து, சில குளிர்காலங்களில் துளையைச் சுற்றிச் செங்கல் முகம் செதில் செதிலாக உதிரத் தொடங்கும். மாட்டியது சாதாரண இரும்பு ஸ்க்ரூ என்றால் இன்னும் மோசம். துரு, தான் உண்டான இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். அது உள்ளிருந்தே செங்கல்லைப் பிளக்கும். போர்டு மாட்டியவர் கடையை மூடிவிட்டுப் போய்ப் பல வருடம் கழித்துத்தான் இந்தச் சேதம் கண்ணுக்குத் தெரியும். "நாங்கள் ஒன்றும் செய்யவில்லையே" என்று அவர்கள் மனமாரச் சொல்வதும் இதனால்தான்.

செங்கல்லுக்கும் செங்கல்லுக்கும் நடுவே உள்ள சாந்து வேறு கதை. அந்தக் காலத்துச் சுவர்களில் பெரும்பாலும் சுண்ணாம்புச் சாந்து. அது செங்கல்லைவிட மென்மையாக இருப்பது வேண்டுமென்றே செய்தது. சுவர் அசையும்போதும் ஈரம் வெளியேறும்போதும் தேய்மானத்தைச் சாந்து வாங்கிக்கொள்ளும். கெட்டுப்போனால் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுச் சாந்து பூசலாம், செங்கல் பிழைத்துக்கொள்ளும். அதனால்தான் துளை போட்டே ஆகவேண்டும் என்றால் சாந்தில் போடுங்கள், செங்கல் முகத்தில் போடாதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறோம். "சாந்தில் பிடிப்பு இருக்காதே" என்று போர்டு மாட்டுபவர் சொல்வார். அவர் சொல்வது உண்மைதான். பழைய சாந்து பெரிய எடையைத் தாங்காது. அதற்குத் தீர்வு எடை குறைந்த போர்டு. எடை குறைய வழியே இல்லை என்றால், எங்கே எத்தனை பிடிமானம் என்று ஒரு ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியர் கணக்குப் போட்டுத் தரட்டும்.

"சரி, துளையே வேண்டாம், பசை போட்டு ஒட்டிவிடுகிறோம்" என்றும் சிலர் வருகிறார்கள். வேண்டவே வேண்டாம். பசையைப் பெயர்க்கும்போது செங்கல்லின் தோலும் அதோடு வரும். துளையாவது ஓர் இடத்தோடு நிற்கும்.

தனித்தனி எழுத்துகளை மாட்டினால் சுவருக்கு நல்லது என்று ஓர் எண்ணமும் இருக்கிறது. பார்க்க அழகுதான். ஆனால் ஓர் எழுத்துக்கு 4 ஊன்றுகம்பி என்றால் 12 எழுத்துப் பெயருக்கு 48 துளை. கடை கைமாறினால் அடுத்தவருக்கு வேறு 48. எழுத்துகளை ஒரே பலகையில் பதித்து, அந்தப் பலகையை நாலைந்து இடத்தில் மட்டும் பிடித்தால் போதும்.

டெரகோட்டாவுக்கு இந்தச் சலுகைகூடக் கிடையாது. அது உள்ளே கூடான சுடுமண் கட்டி, மேலே கண்ணாடி போன்ற மெருகு. அந்த மெருகுதான் தண்ணீரைத் தடுக்கிறது. ஒரு துளை போட்டால் மெருகு உடைந்து உள்ளே ஈரம் தங்கும். அதே நிறம், அதே அச்சில் மாற்று ஓடு வார்த்து வாங்குவது மாதக்கணக்கில் இழுக்கும், செலவும் அதிகம். 1920, 30களின் முகப்புகளில் வழவழப்பான கறுப்பு, பச்சை நிறக் கண்ணாடிப் பலகைகளைப் பார்த்திருப்பீர்கள். விட்ரோலைட் என்றும் கராரா என்றும் விற்ற அவற்றை இப்போது இந்த நாட்டில் யாரும் தயாரிப்பதில்லை. அதில் டிரில் வைக்க யாராவது வந்தால் தடுத்து நிறுத்துங்கள்.

போர்டை எங்கே வைப்பது என்ற கேள்விக்குக் கட்டடமே பதில் வைத்திருக்கும். பழைய கடைமுகப்பில் ஷோகேஸுக்கும் மேல்மாடி சன்னல்களுக்கும் நடுவே ஒரு பட்டை ஓடும். போர்டுக்காகவே விட்ட இடம் அது. பல கட்டடங்களில் அது மரத்திலோ தகரத்திலோ இருக்கும், ஸ்க்ரூ போட்டாலும் பின்னால் சரிசெய்துகொள்ளலாம். ஆனால் வருகிறவர்களுக்கு அந்தப் பட்டை சிறியதாகத் தெரிகிறது. கீழே இருக்கும் கண்ணாடி வரிசையையும் சேர்த்து மூடிவிடுகிறார்கள்.

டிரான்சம் என்று சொல்லும் அந்தக் கண்ணாடி வரிசையைப் பற்றி ஒரு வார்த்தை. மின்விளக்கு பரவலாவதற்கு முன், நீளமான கடையின் கடைசி அலமாரி வரை பகல்வெளிச்சம் போகவேண்டுமே? அதற்காக, உள்பக்கம் பட்டகம் போல வரி வரியாக வார்த்த சின்னச் சின்னச் சதுரக் கண்ணாடிகளை அங்கே பதித்தார்கள். மேலிருந்து வரும் ஒளியை அவை மடக்கிக் கடையின் ஆழத்துக்கு அனுப்பும். இதில் பெயர்பெற்றது சிகாகோவின் லக்ஸ்ஃபர் நிறுவனம். 1897இல் அதற்கான அலங்கார வடிவங்களை வரைந்து காப்புரிமை பெற்றவர், புகழ்பெற்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட். பின்னாளில் மேலே அடித்து மூடிய தகரத்தையும் பிளைவுட்டையும் பிரிக்கும்போது அந்தக் கண்ணாடிகள் உடையாமல் உள்ளே இருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். உங்கள் கட்டடத்திலும் இருக்கலாம். போர்டு மாட்டுவதற்கு முன் ஒரு மூலையை மெதுவாகப் பிரித்துப் பாருங்கள்.

"சின்ன போர்டு வைத்தால் யார் கண்ணில் படும்?" நியாயமான கவலை. கடை நடத்துகிறவருக்கு அது வாழ்வாதாரம். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். போர்டுத் தொழிலில் உள்ளவர்களே சொல்லும் அளவு இது: 10 அடித் தூரத்திலிருந்து சுலபமாகப் படிக்க 1 அங்குல எழுத்து. பழைய டவுன்டவுன் தெருக்களில் எதிரெதிர்க் கட்டடங்களுக்கு இடையே பெரும்பாலும் 60 முதல் 80 அடி. அப்படியென்றால் 8 அங்குல எழுத்து எதிர் நடைபாதையிலிருந்து நன்றாகத் தெரியும். மணிக்கு 25 மைல் வேகத்தில் வரும் கார் ஒரு நொடியில் 37 அடி நகரும், அதில் இருப்பவருக்கு உங்கள் பெயரைப் படிக்க மூன்று நான்கு நொடிதான் கிடைக்கும். அதற்குள் பெயரோடு சேர்த்து டேக்அவே, கேட்டரிங், தொலைபேசி எண், இணைய முகவரி, நாலு தட்டுகளின் படம் எல்லாவற்றையும் போட்டால் ஒன்றும் மனதில் நிற்காது. நெடுஞ்சாலை ஓரக் கடைக்குச் செய்த போர்டை இங்கே கொண்டுவந்து மாட்டுவதால் வரும் தொல்லை இது.

இன்னொன்றையும் மறந்துவிடுகிறார்கள். உங்கள் கடை இருக்கும் அதே நடைபாதையில் நடந்து வருபவருக்குச் சுவரோடு ஒட்டிய போர்டு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் தெரியவே தெரியாது. அவருக்குத் தேவை சுவரிலிருந்து செங்குத்தாக வெளியே நீட்டிய சிறு பலகை. பல ஊர்களில் அதன் அடிப்பகுதி நடைபாதையிலிருந்து குறைந்தது 8 அடி உயரத்தில் இருக்க வேண்டும், உங்கள் ஊர் விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள். பழைய இரும்புத் தாங்கி ஏற்கெனவே சுவரில் இருந்தால் அதையே பயன்படுத்த அனுமதி கேளுங்கள். புதுத் துளை மிச்சம், எங்களுக்கும் ஒப்புக்கொள்வது எளிது.

விளக்கைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பெட்டிக்குள் எரிவதைவிட மேலிருந்து போர்டின் மீது விழும் வெளிச்சம் நல்லது. எல்இடி என்றால் 2700 முதல் 3000 கெல்வினுக்குள், அதாவது இளமஞ்சள் சாயலில், வாங்குங்கள். வயரைச் சுவரின் முகத்தில் குழாய் போட்டு இழுக்காதீர்கள்.

அப்புறம் சட்டம். இதில் இரண்டு பக்கமும் குழப்பம். "நேஷனல் ரெஜிஸ்டரில் (வரலாற்றுச் சிறப்புள்ள இடங்களின் தேசியப் பட்டியல்) இருப்பதால் ஆணிகூட அடிக்க முடியாதாமே" என்று பயப்படுகிறவர்கள் உண்டு. 1966ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வந்த அந்தப் பட்டியலில் பெயர் இருப்பதால் மட்டும், தனியார் தன் சொந்தப் பணத்தில் செய்யும் வேலையை யாரும் தடுக்க முடியாது. கட்டுப்படுத்துவது உள்ளூர்ச் சட்டம். 1931இல் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரம் முதன்முதலில் கொண்டுவந்தது போன்ற, பழைய கட்டடங்களைக் காக்கும் பகுதி விதி உங்கள் ஊரில் இருக்கிறதா, உங்கள் கதவு எண் அதற்குள் வருகிறதா என்று நகராட்சித் திட்டமிடல் பிரிவில் கேளுங்கள். ஒரு போன் போதும். உங்கள் கட்டட உரிமையாளர், வரலாற்றுக் கட்டடங்களைப் புதுப்பிப்பதற்கான 20 சதவீதக் கூட்டாட்சி வரிச்சலுகை வாங்கிப் புதுப்பித்தவரா என்பதையும் கேளுங்கள். அப்படியென்றால் வேலை முடிந்த பின் 5 ஆண்டுகளுக்கு முகப்பில் செய்யும் தவறான மாற்றம், கிடைத்த சலுகையையே திருப்பிக் கட்டும் நிலைக்கு அவரைக் கொண்டுபோகலாம். உங்கள் போர்டால் அவருக்கு அந்தச் சிக்கல் வரவேண்டாம்.

மறுபக்கம், நாங்கள் உங்கள் கடைப் பெயரை மாற்றச் சொல்வோம் என்று நினைக்கிறவர்கள். எழுத்தின் பொருள் எங்கள் வேலையே இல்லை. போர்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதை வைத்து விதி வேறுபடுவதை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2015இல் அரிசோனாவின் கில்பர்ட் என்ற ஊரின் வழக்கில் கடுமையாகத் தடுத்துவிட்டது. தமிழில் எழுதலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்கிறார்கள். தாராளமாக எழுதுங்கள். அயல்மொழி எழுத்துள்ள போர்டில் பாதியாவது ஆங்கில எழுத்தாக இருக்க வேண்டும் என்ற கலிஃபோர்னியாவின் பொமோனா நகரத்து விதியை 1989இலேயே கூட்டாட்சி நீதிமன்றம் செல்லாது என்றது. தமிழ் எழுத்துகளுக்கு மேலும் கீழும் கொம்பும் சுழியும் வருவதால், பட்டையின் உயரத்துக்குள் அவை அடங்குகிறதா என்று மட்டும் வரைந்து பாருங்கள். பதிவு பெற்ற வணிகச் சின்னத்தின் நிறம் பற்றி மட்டும் நீதிமன்றங்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. 1998இல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் நகரங்கள் அதை மாற்றச் சொல்லக் கூடாது என்றது, 1999இல் இன்னொன்று அழகியல் விதியாகக் கேட்கலாம் என்றது. உங்கள் கடை ஏதாவது சங்கிலி நிறுவனத்தின் கிளை என்றால் இதை முன்பே பேசிவிடுங்கள்.

விண்ணப்பத்துக்கு முன் வந்து பேசுங்கள், அதற்குக் கட்டணம் கேட்கும் ஊர்கள் குறைவு. வரும்போது முகப்பை நேராக எடுத்த படம், அதன்மேல் அளவு போட்டு வரைந்த போர்டு, உரிமையாளரின் கையெழுத்து இருந்தால் போதும். எல்லாவற்றையும்விட முக்கியமாக, ஒவ்வொரு பிடிமானமும் சுவரில் எங்கே இறங்குகிறது என்று காட்டும் படம் வேண்டும். முந்தைய போர்டின் துளைகள் இருந்தால் அவற்றையும் குறியுங்கள். பாதி நேரம் அவற்றிலேயே புது போர்டை மாட்டிவிடலாம். இந்தப் பிடிமானப் படத்தைத் தர மறுக்கும் போர்டுக்காரரை மாற்றுங்கள். அவருக்குப் பழைய சுவர் தெரியாது என்று அர்த்தம். பக்கச் சுவரில் மங்கிப்போன பழைய விளம்பர எழுத்து தெரிந்தால் அதன்மேல் பெயின்ட் அடிக்காதீர்கள், மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்கிறேன் என்று வருபவரை உள்ளேயே விடாதீர்கள்.

வாடகை ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்: காலி செய்யும்போது போர்டின் துளைகளை யார், எதைக்கொண்டு அடைப்பது என்று. சிலிக்கோனோ சிமென்ட்டோ கூடாது. கெட்டியான சிமென்ட் மென்மையான செங்கல்லின் ஓரத்தை நசுக்கும், சிலிக்கோன் ஈரத்தை உள்ளேயே அடைத்துவைக்கும். இருக்கும் சாந்தின் நிறத்துக்கும் கெட்டித்தன்மைக்கும் பொருந்தும் சுண்ணாம்புச் சாந்துதான் வேண்டும். அதைக் கலக்கத் தெரிந்த கொத்தனார் யார் என்று எங்கள் அலுவலகத்தில் கேட்டால், உங்கள் பகுதியில் அப்படி வேலை செய்தவர்களின் பட்டியலைத் தருவோம்.