அந்தக் கல்லை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள், அண்ணாச்சி

துருக்கியின் இஸ்மிர் விமான நிலையத்தில் போன முறை எங்கள் குழு மொத்தமும் ஊருக்குக் கிளம்பியது, ஒரு குடும்பத்தைத் தவிர. காரணம், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சலவைக்கல் துண்டு. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் அதைத் துண்டில் சுற்றி, மேலே சட்டை வைத்து, சட்டைக்கு மேலே பேரப்பிள்ளைகளுக்கு வாங்கிய லோக்கும் (துருக்கி மிட்டாய்) டப்பாக்களை அடுக்கி, பெட்டியின் அடியில் பத்திரமாக வைத்திருந்தார். துருக்கியில் விமான நிலைய வாசலிலேயே எல்லாப் பெட்டியும் எக்ஸ்ரேக்குள் போகும், உள்ளே போனபிறகு இன்னொரு தடவையும் போகும். துணிமணிக்கு நடுவே ஒரு கல் எப்படித் தெரியாமல் இருக்கும்? போலீஸ் வந்தது, அப்புறம் அருங்காட்சியகத்திலிருந்து ஒரு நிபுணர் வந்தார். அவர் கல்லைத் திருப்பி ஓரத்தை விரலால் தடவிக் காட்டினார்: ஒரு இலை வடிவத்தின் பாதி, அதற்குக் கீழே பல் உளி ஓடிய வரிகள். நம்மாள் கடைசிவரை ஒரே வசனம்தான், "தம்பி, சும்மா கிடந்த கல்லுதானே, இதுக்குப் போயா?"

வாக்குமூலம், மொழிபெயர்ப்பாளர், வக்கீல் என்று நாள் ஓடி, ஒருவழியாகத் தண்டனை இல்லாமல் ஊர் வந்து சேர்ந்தார்கள். சந்தோஷம். ஆனால் இதை எழுத வைத்தது அவர் மட்டும் இல்லை. நெல்லை, தூத்துக்குடி, நாகர்கோவில் பக்கத்துச் சபைகளிலிருந்து ஆட்களைச் சேர்த்து "ஏழு சபைகள்" பயணம் கூட்டிப் போவது என் தொழில். பைபிளின் வெளிப்படுத்தல் புத்தகத்தில் கடிதம் பெற்ற எபேசு, சிமிர்னா, பெர்கமு, தியத்தீரா, சர்தை, பிலதெல்பியா, லவோதிக்கேயா ஆகிய ஏழு ஊர்ச் சபைகள்தான் அவை, எல்லாம் இன்றைய மேற்குத் துருக்கியில். ஒவ்வொரு குழுவிலும் ஒருவர் இருக்கிறார். ஒருவர் பானை ஓடு எடுப்பார், ஒருவர் தரைச் சித்திரத்தில் பதித்த மொசைக் கல் எடுப்பார், ஒரு அக்கா தண்ணீர் பாட்டிலில் மண்ணை நிரப்புவார். பஸ்ஸில் ஏறியதும் மைக்கைப் பிடித்து முதலில் இதைத்தான் சொல்கிறேன். எல்லாரும் தலையாட்டுகிறார்கள். அடுத்த நிறுத்தத்தில் யாரோ ஒருவர் ஷூ கயிறு கட்டுவதுபோல் குனிகிறார்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். துருக்கியில் 2863-ம் எண் சட்டம், 1983-ல் வந்தது. பழம்பொருள் மண்ணுக்கு மேலே கிடந்தாலும் அடியில் கிடந்தாலும் அரசாங்கச் சொத்து. நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோனால் 5 முதல் 12 வருடம்வரை சிறை, அதோடு அபராதம். பிடிபட்ட எல்லாரையும் உள்ளே தள்ளுவதில்லைதான். ஆனால் உங்கள் கல் எந்த ரகம், உங்கள் எண்ணம் என்ன என்பதை முடிவு செய்யப்போவது நீங்களும் இல்லை, நானும் இல்லை.

இனி "சும்மா கிடந்த கல்" விஷயத்துக்கு வருவோம். எனக்கு ரத்தம் கொதிப்பது இங்கேதான்.

சும்மா கிடக்கும் கல் என்று அங்கே எதுவும் கிடையாது. எபேசில் ரோமர் காலத்துச் செல்சஸ் நூலகத்துக்கு முன்னால் நின்று படம் எடுக்காத ஆள் உண்டா? அந்த இரண்டு மாடி முகப்பு ஆயிரத்தெண்ணூறு வருடமாக அப்படியே நிற்கிறது என்று பாதிப்பேர் நினைக்கிறார்கள். இல்லை. நிலநடுக்கத்தில் விழுந்து துண்டு துண்டாகக் கிடந்ததை ஆஸ்திரியத் தொல்லியலாளர்கள் 1970-களில் ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்து நிறுத்தினார்கள். காணாமல் போயிருந்த இடங்களில் புதுத் துண்டு செய்து வைக்க வேண்டியிருந்தது, கிட்டப்போய்ப் பார்த்தால் எது பழசு எது புதுசு என்று உங்களுக்கே தெரியும். அன்றைக்கு அந்தத் துண்டுகளும் புல்லுக்குள் "சும்மா"தான் கிடந்தன. லவோதிக்கேயாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2003-ல் அங்கே பெரிய அளவில் தோண்டத் தொடங்குவதற்கு முன் போனவர்கள் புல்மேட்டையும் தியேட்டர் பள்ளத்தையும்தான் அதிகம் பார்த்திருப்பார்கள். இன்றைக்குத் தெருவோரம் வரிசையாகத் தூண்கள் நிற்கின்றன. 2010-ல் நாலாம் நூற்றாண்டுத் தேவாலயம் ஒன்று கிடைத்தது, மேலே கூரை போட்டு, தரையின் மொசைக்கை மிதிக்காமல் பார்க்கக் கண்ணாடி நடைபாதை போட்டிருக்கிறார்கள். இன்னும் தோண்டிக்கொண்டே இருக்கிறார்கள். தெருவோரம் வரிசை வரிசையாகக் கல் அடுக்கியிருக்கிறதே, எண் போட்டு, அது குப்பை இல்லை, இடம் தேடிக் காத்திருக்கும் பாகங்கள். நீங்கள் எடுத்தது எண் போடாத கல் என்றால் அதன் முறை இன்னும் வரவில்லை, அவ்வளவுதான்.

மொசைக் கல் எடுப்பவர்கள் இன்னும் மோசம். சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும், ஒரு முகம் வழவழவென்று, மறுமுகத்தில் பழைய சுண்ணாம்புச் சாந்து பொருக்காக ஒட்டியிருக்கும். கீழே உதிர்ந்து கிடந்ததைத்தானே எடுத்தேன் என்பார்கள். உதிர்ந்த கல் இருந்தால் அதை அதே இடத்தில் பதிக்கலாம், இல்லையென்றால் பல் விழுந்த வாய்தான், பக்கத்தில் இருப்பதும் ஆட ஆரம்பிக்கும். மொசைக்கின் உடைந்த ஓரங்களைச் சுற்றிச் சாந்துக் கரை ஒன்று பூசியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஓரம் சரியாமல் இருக்கத்தான் அது. அந்தக் கரையை நகத்தால் நெருடிப் பார்க்கிற ஆட்களை நான் பார்த்திருக்கிறேன்.

"நான் ஒருத்தன் எடுத்தா என்ன குறைஞ்சிடும்?" எபேசுக்கு நல்ல வருடத்தில் 20 லட்சம் பேருக்கு மேல் வருகிறார்கள். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

ஏன் எடுக்கிறார்கள் என்றும் எனக்குத் தெரியும், அதனால்தான் முழுசாகக் கோபப்பட முடியவில்லை. ஏழு சபைகள் என்றதும் ஏழு கோயில் கட்டடம் இருக்கும், உள்ளே போய் முழங்கால் போடலாம் என்று நினைத்து வருகிறார்கள். பஸ்ஸில் மணிக்கணக்காக உட்கார்ந்து கால் வீங்கி தியத்தீராவில் இறங்கினால், இன்றைய அகிசார் ஊர் நடுவில் கம்பிவேலி போட்ட ஒரு சதுரம், சுற்றிலும் கடை, வீடு, போக்குவரத்து. பிலதெல்பியா என்றால் இன்றைய அலாஷெஹிர் ஊர் வீடுகளுக்கு நடுவே தடித்த செங்கல் தூண்கள், அதுவும் பிற்காலத்துப் பேராலயத்தின் மிச்சம். சர்தையில் தியானாள் (ஆர்தெமிஸ்) தேவி கோயிலின் மூலையில் ஒண்டிக்கொண்டு சின்னத் தேவாலயம் ஒன்று நிற்கிறது, அதைக் காட்டினால் கொஞ்சம் முகம் மலரும். சிமிர்னா இன்றைய இஸ்மிர், பெரிய நகரம், பழைய சந்தைவெளியைப் பார்த்துவிட்டு டிராஃபிக்கில் நிற்கலாம். கண்ணுக்கு ஒன்றும் கிடைக்காதபோது கைக்கு ஏதாவது வேண்டும்போல் இருக்கிறது. இது போதகர்கள் புறப்படுவதற்கு முன்பே பேச வேண்டிய விஷயம். வெளிப்படுத்தல் கடிதங்கள் போனது கட்டடத்துக்கு இல்லை, வீடுகளில் கூடின சனங்களுக்கு. இதை ஊரிலேயே ஒரு மாலைக் கூட்டத்தில் சொல்லிவிட்டால் ஏமாற்றம் பாதி குறையும், என் வேலையும்.

பெர்கமுவில் ஒரு தனிப் பிரச்சினை. அந்தச் சபைக்கு வெண்மையான குறிக்கல் கொடுப்பதாக வாக்குத்தத்தம் இருக்கிறதல்லவா, அதனால் மலைமேல் ஏறியதும் எல்லாரும் வெள்ளைக் கல்லாகத் தேட ஆரம்பித்துவிடுகிறார்கள். பைபிளைத் திறந்து திரும்ப ஒரு தடவை வாசியுங்கள். ஜெயங்கொள்ளுகிறவனுக்கு இயேசு கொடுப்பேன் என்றுதான் இருக்கிறது, அகழ்வாய்வு நடக்கிற இடத்தில் பொறுக்கிக்கொள் என்று இல்லை.

அதே மலையில்தான் அடுத்த வாதமும் வரும். பெர்கமுவின் பெரிய பலிபீடம் எங்கே என்று கேட்பார்கள், பைன் மரங்களுக்கு நடுவே வெறும் அடித்தளத்தைக் காட்டுவேன். "மிச்சம்?" பெர்லினில் இருக்கிறது. கார்ல் ஹூமன் என்ற ஜெர்மானியர் 1878-ல் தோண்டத் தொடங்கி, சிற்பப் பலகைகளை அங்கே அனுப்பிவிட்டார். உடனே ஒருவர், "பாத்தீங்களா, அவன் பலிபீடத்தையே தூக்கிட்டுப் போனான், நான் ஒரு துண்டு எடுத்தா குத்தமா?" ஐயா, அவன் தூக்கிப் போனதால்தான் இந்தக் கெடுபிடி. துருக்கியை அன்று ஆண்ட உஸ்மானிய அரசு 1884-லேயே பழம்பொருள் ஏற்றுமதிக்குத் தடை போட்டுவிட்டது. இவ்வளவு இழந்த நாட்டுக்காரனிடம் போய் "ஒண்ணே ஒண்ணு" என்று கேட்டால் அவன் முகம் எப்படி மாறும் என்று எனக்குத் தெரியும். நம் ஆதிச்சநல்லூரில் 1876-ல் யாகோர் என்ற ஜெர்மானியர் தோண்டி எடுத்ததும் அதே பெர்லினுக்குத்தான் போனது. அதைப் பற்றி டீக்கடையில் ஆவேசமாகப் பேசுகிற அதே அண்ணாச்சிதான் இங்கே பாக்கெட்டை நிரப்புகிறார்.

நாணயம் விற்பவர்களையும் சொல்ல வேண்டும். இடிபாடுகளுக்குப் போகும் பாதையில் ஒருவர் பக்கத்தில் வந்து, சுற்றுமுற்றும் பார்த்து, கைக்குட்டையைப் பிரித்து மண் ஒட்டிய இரண்டு மூன்று காசு காட்டி "ரோமன், ரோமன்" என்பார். தன் வயலில் உழும்போது கிடைத்ததாம். பெரும்பாலும் வார்ப்பில் ஊற்றிப் பழசாக்கிய காசு. போலி என்றால் பணம் போச்சு, அசல் என்றால் விமானம் போச்சு. எப்படிப் பார்த்தாலும் நஷ்டம். எபேசு வாசல் கடைத்தெருவில் "அசல் போலிக் கடிகாரம்" என்று ஆங்கிலத்தில் போர்டு வைத்தே விற்கிறார்கள், அந்த நேர்மை இந்தக் கைக்குட்டைக்காரர்களிடம் கிடையாது. பைபிளில் வருகிற, தியானாளின் வெள்ளிக் கோயில்களைச் செய்து விற்ற தட்டான் தெமேத்திரியுவின் ஊர் அது, யாத்திரைக்காரரின் பையைக் காலியாக்குவதில் ரொம்ப காலப் பழக்கம் உண்டு.

கடையில் பழசாகத் தெரிகிற எதையும், விளக்கு, சிலை, பழைய கம்பளம் எதுவானாலும், பில் இல்லாமல் வாங்காதீர்கள். நிஜமாகவே பழசாக இருக்கும் என்று தோன்றினால், இது தடைசெய்யப்பட்ட பழம்பொருள் இல்லை என்று அருங்காட்சியகம் தருகிற காகிதம் கேளுங்கள். கடைக்காரர் "அதெல்லாம் தேவையில்லை" என்றால் நன்றி சொல்லிவிட்டு வெளியே வாருங்கள்.

மண் எடுக்கிற அக்காமார்களுக்கு. புதுக் கோயில் அஸ்திவாரத்தில் எபேசு மண் போடவேண்டும் என்ற ஆசை புரிகிறது. ஆனால் தோண்டுகிற இடத்து மண்ணும் தொல்லியல்தான், அதைச் சல்லடை போட்டுச் சலித்துத்தான் மணி, எலும்பு, காசு எடுக்கிறார்கள். அதையும் தாண்டி வந்தால் நம் ஊர்க்காரர்கள் சும்மா விடமாட்டார்கள், அனுமதி இல்லாமல் வெளிநாட்டு மண் இந்தியாவுக்குள் வரக்கூடாது, பயிர் நோய்க் கட்டுப்பாடு. தயவுசெய்து வேண்டாம்.

ஜெப எண்ணெயைக் கல்லில் ஊற்றாதீர்கள், சலவைக்கல் அதைக் குடித்துவிடும், கறை போகாது. மெழுகுவர்த்தியைத் தூண் அடியில் கொளுத்தாதீர்கள். பாட்டுப் பாட வேண்டும் என்றால் கைடிடம் சொல்லுங்கள், அவர் காவலரிடம் கேட்டு ஒரு ஓரம் வாங்கித் தருவார். அங்கே உரிமம் பெற்ற கைடு மட்டும்தான் விளக்கம் சொல்லலாம், நம் போதகர் ஐயா நடுவில் நின்று அரை மணி நேரம் வரலாறு பேசினால் மாட்டிக்கொள்வது நானும் கைடும். பிரசங்கத்தை பஸ்ஸில் வைத்துக்கொள்ளலாமே, ஏ.சி.யும் இருக்கிறது, ஆளும் எங்கேயும் ஓட முடியாது. அப்புறம், எபேசின் சலவைக்கல் தெருவுக்குத் தேய்ந்த செருப்பு போட்டு வராதீர்கள். இதை நான் விளக்கப் போவதில்லை.

கையில் ஏதாவது கொண்டுபோகத்தான் வேண்டுமா? அலாஷெஹிர் விதையில்லாத உலர்திராட்சைக்குப் பேர்போன ஊர், பிலதெல்பியாவின் திராட்சை என்று சொல்லிச் சபையில் ஆளுக்கு நாலு கொடுங்கள். அகிசாரில் ஆலிவ். இஸ்மிர் பக்கத்து உலர்ந்த அத்திப்பழம். எல்லாம் பில்லோடு கிடைக்கும், எக்ஸ்ரேயில் ஒருத்தரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

ஏற்கெனவே எடுத்துவிட்டீர்கள் என்றால் பயணம் முடிவதற்குள் சொல்லிவிடுங்கள். நான் திட்டமாட்டேன், கொஞ்சம்தான் திட்டுவேன். அங்கே எதையாவது கண்டெடுத்தால் 3 நாளுக்குள் அருகில் இருக்கிற அருங்காட்சியகத்துக்கோ உள்ளூர் நிர்வாகத்துக்கோ தெரிவிக்க வேண்டும் என்பது அதே சட்டம் சொல்வதுதான், கைடு கூடவே வந்து கொடுக்க வைப்பார். விமான நிலையக் குப்பைத்தொட்டியில் போட்டுத் தப்பிக்கலாம் என்று நினைக்காதீர்கள், மேலே கேமரா இருக்கிறது. கடைசி ராத்திரி பெட்டி கட்டும்போது வீட்டுக்காரரின் ஜாக்கெட் பை, பிள்ளைகளின் பென்சில் பெட்டி, உருட்டி வைத்த சாக்ஸ், மருந்துப் பை எல்லாவற்றையும் அம்மாமார்கள் ஒரு தடவை உதறிப் பாருங்கள். ஏதாவது விழுந்தால் எந்த நேரமானாலும் என் அறைக் கதவைத் தட்டுங்கள்.