ஈறு யாருக்கு இறங்கும்?

கும்பகோணத்தைச் சுற்றியுள்ள வெற்றிலைக் கொடிக்கால் ஊர்களில் எழுபது வயதிலும் கொட்டைப்பாக்கைக் கடித்து மெல்லும் பெரியவர்கள் உண்டு. அதே தெருவில் நாற்பத்தைந்து வயதிலேயே ஈறு நோயால் முன்பற்கள் ஆடத் தொடங்கியவர்களும் உண்டு. பல் துலக்கும் பழக்கம் ஒன்றை மட்டும் வைத்து இந்த வேறுபாட்டை விளக்கிவிட முடியாது.

பல்லும் ஈறும் சேரும் விளிம்பில் பாக்டீரியாக்கள் ஒட்டும் படலமாகப் படிகின்றன. அதை அகற்றாவிட்டால், எச்சிலிலுள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்து சில நாட்களிலேயே காரையாக இறுகத் தொடங்கும். நார்வேயைச் சேர்ந்த பல் மருத்துவ ஆய்வாளர் ஹரால்ட் லோவின் குழு 1965இல் வெளியிட்ட சோதனையில், 12 பேர் பல் துலக்குவதை நிறுத்தினர். 10 முதல் 21 நாட்களுக்குள் அனைவருக்கும் ஈறு அழற்சி வந்தது, மீண்டும் துலக்கத் தொடங்கியதும் அது தணிந்தது. அதாவது, ஈறு சிவந்து இரத்தம் கசியும் இந்த முதற்கட்டம் யாருக்கும் வரக்கூடியது, மீளக்கூடியதும்கூட. பல்லைத் தாங்கும் எலும்பு கரையும் அடுத்த கட்டம் அப்படியல்ல. கரைந்த எலும்பு தானாக வளர்வதில்லை.

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்த 480 தமிழ் ஆண் தொழிலாளர்களை அதே லோ 1970 முதல் 1985 வரை கவனித்துவந்தார். பல் பராமரிப்பு என்பதையே அறியாதவர்கள் அவர்கள். எல்லோருடைய பற்களிலும் படலமும் காரையும் நிறைந்திருந்தன. ஆயினும் சுமார் 8 விழுக்காட்டினருக்கே எலும்பு வேகமாக அழிந்தது. 81 விழுக்காட்டினருக்கு மிதமான வேகத்தில் அழிந்தது. 11 விழுக்காட்டினருக்கு நோய் ஈறு அழற்சியைத் தாண்டவேயில்லை. அழுக்கு இல்லாமல் நோய் தொடங்குவதில்லை, ஆனால் அது எவ்வளவு தூரம் போகும் என்பதை உடலின் எதிர்வினையே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. பாக்டீரியாக்களை எதிர்க்க வரும் வெள்ளணுக்கள் வெளியிடும் நொதிகள் ஈற்றின் நார்களையும் சிதைக்கின்றன. அழற்சி நீடித்தால் எலும்பைக் கரைக்கும் செல்கள் தூண்டப்படுகின்றன. இந்த எதிர்வினையின் அளவில் பரம்பரைக்குப் பங்கு உண்டு, பழக்கங்களுக்கும் உண்டு.

காவிரி டெல்டாவில் முதலில் சொல்லவேண்டியது வேதாரண்யம் பகுதியில் விளையும் புகையிலையைத்தான். பீடியோ சிகரெட்டோ புகைப்பவருக்கு நிகோட்டின் ஈற்றின் நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சுருக்குவதால், உள்ளே எலும்பு கரைந்துகொண்டிருந்தாலும் இரத்தக்கசிவு குறைவாகவே தெரியும். ‘எனக்கு ஈறு கெட்டியாக இருக்கிறது’ என்று அவர் நம்புவதற்கு இதுவே காரணம். என் கருத்தில் இந்தப் பொய்யான நிம்மதிதான் மிக ஆபத்தானது. வெற்றிலையோடு புகையிலைத் துண்டைக் கன்னத்தில் அடக்குபவருக்கு, அது படும் இடத்திலேயே ஈறு கீழிறங்கி வேர் வெளிப்படுவதைக் காணலாம். புகையிலை சேர்க்காத வெற்றிலைப்பாக்கும் நிரபராதி அன்று: பாக்கிலுள்ள அரிக்கோலின் ஈற்றின் நார்களை உருவாக்கும் செல்களைப் பாதிப்பது ஆய்வகத்தில் தெரியவந்துள்ளது. பாக்கு புற்றுநோயை உண்டாக்கும் பொருளென்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருப்பது தனிச் செய்தி.

சர்க்கரை நோய் கட்டுப்பாட்டில் இல்லாதவருக்கு ஈறு நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு. இரத்தத்தில் சர்க்கரை மிகுந்திருக்கும்போது வெள்ளணுக்கள் சரிவர இயங்குவதில்லை, அழற்சியும் எளிதில் தணிவதில்லை. தொடர்பு இருவழிப்பட்டது: ஈறு நோய் சர்க்கரையையும் ஏற்றுகிறது, அதற்கு முறையாகச் சிகிச்சை பெற்றவர்களிடம் மூன்று மாதச் சர்க்கரை நிலையைக் காட்டும் HbA1c அளவு சராசரியாக 0.4 விழுக்காட்டுப் புள்ளி குறைந்திருக்கிறது.

கர்ப்பகால ஹார்மோன் மாற்றம் ஈற்றை எளிதில் வீங்கச் செய்யும். இரத்தக்கொதிப்புக்குத் தரப்படும் ஆம்லோடிபின், வலிப்புக்கான பெனிடாயின் ஆகியவை சிலருக்கு ஈற்றைத் தடிக்கவைத்து, இடுக்குகளில் துலக்குவதைக் கடினமாக்கும். அதற்காக மருந்தைத் தாமாக நிறுத்தக்கூடாது. உமிக்கரியால் அழுத்தித் தேய்ப்பதாலும் ஈறு இறங்கலாம்; அது தேய்மானம், தொற்றால் வரும் ஈறு நோய் அன்று.

பல் மருத்துவர் மெல்லிய அளவுகோலை ஈற்றுக்கும் பல்லுக்கும் இடையில் செலுத்திப் பார்க்கிறார். 3 மில்லிமீட்டர் வரை இயல்பு. அதற்குமேல், ஈறு பல்லைவிட்டு விலகி உண்டான ஆழமான பைகளுக்குள் பிரஷ்ஷின் நார்கள் எட்டுவதில்லை. ‘சுத்தம் செய்தால் பல் ஆடும்’ என்று பலர் தயங்குகிறார்கள். எலும்பு ஏற்கெனவே குறைந்துவிட்ட வாயில், பற்களைப் பிணைத்து நிறுத்தியிருந்த காரை அகன்றதும் முன்பே இருந்த ஆட்டம் வெளித்தெரிகிறது, அவ்வளவே.