மழை இல்லையே, பனிதானே?

இந்த ஜூனில் என்னிடம் பழுதுபார்க்க வந்த மூன்றாவது கேமரா இது. மூன்றும் ஒரே குன்றில் நனைந்தவை. லாஸ் ஏஞ்சலஸின் சான் பெட்ரோவில் கடலைப் பார்த்தபடி கொரிய நட்பு மணி நிற்கிறதே, அந்தக் குன்றுதான்.

லென்ஸைக் கழற்றினால், அதை மாட்டும் வளையமான மவுண்டின் இடுக்கில் ஓர் அரிசி. முழுசாக, சோனா மசூரி. "ஈரமாயிடுச்சுன்னு ரெண்டு நாள் அரிசி டப்பாக்குள்ள வச்சிருந்தேன் அண்ணா" என்றார் கேமராவைக் கொண்டுவந்த தம்பி. ஈரம் போனதோ இல்லையோ, அரிசி மாவு ஃபோகஸ் வளையத்துக்குள் இறங்கிவிட்டது. திருகினால் நறநறக்கிறது.

அரிசியைக்கூட மன்னித்துவிடுவேன். "மழையே பெய்யலையே, வெறும் பனிதானே!" என்று மூன்று பேரும் சொன்னார்கள் பாருங்கள், அதைத்தான் தாங்க முடியவில்லை. அது மலைப்பனி இல்லை ஐயா, கடல் மூடுபனி. காற்றில் மிதக்கும் உப்புத் துகளைச் சுற்றித் துளி கட்டி வருவது. மழை மேலிருந்து விழும், குடை பிடித்துக்கொள்ளலாம். இது பக்கவாட்டில் ஊர்ந்து வரும். "கூரைக்குக் கீழதான் நின்னேன்" என்றார் இன்னொருவர். மணி தொங்கும் அந்த மண்டபத்துக்குச் சுவர் ஏது? 12 தூண்கள்தானே! தண்ணீர் காய்ந்துவிடும், உப்பு எங்கே போகும்? அங்கேயே உட்கார்ந்திருந்து, அடுத்த ஈரத்தில் மறுபடி கரைந்து வேலையைக் காட்டும். தம்பியின் கேமராவில் ஃபிளாஷ் மாட்டும் இடத்துத் திருகுகளில் பச்சை பூத்திருந்தது. அமெரிக்கச் சுதந்திரத்தின் 200ஆம் ஆண்டுக்காகத் தென் கொரியா 1976இல் கொடுத்த மணி அது. 17 டன் வெண்கலம். அதையே 2013இல் பழுதுபார்க்க வேண்டியிருந்தது. உங்கள் திருகாணி எம்மாத்திரம்?

ஈரம் புகாது என்று சொல்லும் 'வெதர் சீல்' பெட்டியில் போட்டிருக்கிறதாம். கேமரா உடலுக்குச் சரி. நீங்கள் மாட்டிய, கேமராவோடு சேர்ந்து வரும் கிட் லென்ஸின் பின்பக்கம் ரப்பர் வளையம் இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தீர்களா?

போகவேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த மணியை மூடுபனியில்தான் எடுக்க வேண்டும். பின்னால் துறைமுகம் மறைந்துவிடும், மண்டபத்தின் சிவப்பும் பச்சையும் மட்டும் மிதக்கும். (கேமராவின் ஒளிமீட்டர் காட்டுவதைவிட ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்கு வெளிச்சம், கூட்டுங்கள். இல்லையென்றால் பனி சாம்பலாகிவிடும்.) ஆனால் அங்கே லென்ஸ் மாற்றாதீர்கள், ஒன்றை மாட்டிக்கொண்டே போங்கள். லென்ஸின் முன்னால் மாட்டும் ஹூட் போடுங்கள். எடுக்காத நேரத்தில் லென்ஸ் தரையைப் பார்க்கட்டும். துளி விழுந்தால் சட்டை நுனியால் தேய்க்கவே தேய்க்காதீர்கள். உப்போடு சேர்த்துத் தேய்த்தால் கண்ணாடியின் மேல்பூச்சு கீறிப் போகும். மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள்.

முக்கியமான தப்பு அதற்குப் பிறகு நடப்பது. நனைந்த கேமராவைப் பையில் திணித்து, ஜிப்பை இழுத்து, காரில் போட்டுவிட்டு மீன் சாப்பிடப் போகிறார்கள். மதியம் வெயில் வருகிறது. பைக்குள் இட்லிப் பானைதான். அந்த ஆவி உள்ளே நுழைந்து, ராத்திரி குளிர்ந்ததும் லென்ஸுக்குள் படிகிறது. "பனி எப்படி அண்ணா உள்ள போச்சு?" நீங்கள்தான் வேகவைத்து அனுப்பினீர்கள்.

வீட்டுக்குப் போனதும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் வெளிப்புறத்தைத் துடையுங்கள், பிறகு உலர்ந்த துணி. சிலிகா ஜெல் பாக்கெட்டோடு மூடிய டப்பாவில் வையுங்கள். உள்ளே ஈரம் தெரிந்தால் பேட்டரியைக் கழற்றிவிட்டு நேரே கொண்டுவாருங்கள். தயவுசெய்து ஆன் பண்ணிப் பார்க்காதீர்கள்.

தம்பியின் மெமரி கார்டைத் திறந்து பார்த்தேன். மணியின் மேல் புடைப்பாக நிற்கும் சுதந்திர தேவியும் கொரிய தேவதையும் பாதி பனிக்குள் கரைந்திருந்தார்கள். நானும் பலமுறை முயன்று கிடைக்காத படம். மவுண்டுக்கும் திருகுகளுக்கும் ஆர்டர் போட்டிருக்கிறேன், இன்னும் வரவில்லை.