சைக்கடெலிக் என்றால் மனமயக்கமா?

ஜப்பானின் ஃப்ளவர் டிராவலின் பேண்ட் என்ற ராக் குழு 1971இல் வெளியிட்ட ‘சடோரி’ ஆல்பம் வினைல் தட்டாக மறுபடி மறுபடி வந்துகொண்டிருக்கிறது. அதைப் பற்றித் தமிழில் நாலு வரி எழுதுகிறவர்கள், பேசுகிறவர்கள் எல்லாரும் ‘ஹெவி சைக்கடெலிக் ராக்’ என்ற ஆங்கில வகைப்பெயரைக் “கனரக மனமயக்க ராக்” என்றே சொல்கிறார்கள். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. ‘கனரக’ என்பதை அப்புறம் பார்ப்போம். ‘சைக்கடெலிக்’ என்ற சொல்லுக்கு ‘மனமயக்க’ என்று எழுதுவது தவறு. பொருள் கொஞ்சம் தள்ளிப்போய்விட்டது, பரவாயில்லை என்று விடவும் முடியாது. மூலச்சொல் எந்தப் பொருளைத் தவிர்க்க உருவானதோ, அதே பொருளை நாம் தேடிப்பிடித்து ஒட்டவைத்திருக்கிறோம்.

சொல்லின் வரலாறு சிறியது. ஹம்ஃப்ரி ஆஸ்மண்ட் என்ற ஆங்கிலேய மனநல மருத்துவர், கனடாவின் சஸ்காட்செவன் மாகாணத்தில் வேபர்ன் என்ற ஊரில் மனநிலையையும் புலனுணர்வையும் மாற்றுகிற எல்.எஸ்.டி., மெஸ்கலின் ஆகிய பொருள்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். எழுத்தாளர் ஆல்டஸ் ஹக்ஸ்லிக்கு 1953இல் மெஸ்கலின் கொடுத்தவர் அவர்தான். இந்தப் பொருள்களுக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று 1956இல் இருவரும் கடிதம் எழுதிக்கொண்டார்கள். ஹக்ஸ்லி ‘ஃபனரோதைம்’ என்றார். ஆஸ்மண்ட் ‘சைக்கடெலிக்’ என்றார். நரகத்தின் ஆழம் காணவோ தேவர்போல் உயரப் பறக்கவோ ஒரு சிட்டிகை சைக்கடெலிக் போதும் என்று ஈரடிப் பாட்டாகவே எழுதி அனுப்பினார். அடுத்த ஆண்டு அறிவியல் அரங்கிலும் அந்தச் சொல்லை முன்வைத்தார். அதுவே நிலைத்தது. கிரேக்கத்தில் ‘சைக்கே’ என்றால் உயிர், ஆன்மா, உள்ளம். மூச்சு என்பதும் அதன் பழைய பொருள். நம் ‘உயிர்த்தல்’ என்ற வினைக்கும் மூச்சுவிடுதல் என்ற பொருள் உண்டு. ‘டெலூன்’ என்றால் வெளிப்படுத்துதல், தெரியும்படி செய்தல். சேர்த்தால், உள்ளத்தைத் தெரியக் காட்டுவது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. ஹக்ஸ்லியின் சொல் வேறு, ஆஸ்மண்டின் சொல் வேறு. ஆனால் ‘ஃபனரோ’ என்றாலும் வெளிப்படுத்துவதுதான், ‘டெலூன்’ என்றாலும் வெளிப்படுத்துவதுதான். எந்தச் சொல் என்பதில் வேறுபட்ட இருவரும், பொருள் இதுதான் என்பதில் ஒன்றாக நின்றார்கள். அதற்குக் காரணம் இருந்தது. அதுவரை மருத்துவர்கள் இந்தப் பொருள்களை ‘சைக்கோட்டோமிமெட்டிக்’ என்று அழைத்துவந்தார்கள். பைத்தியத்தைப் போன்ற நிலையை உண்டாக்குபவை என்று பொருள். நடப்பதைப் பாதிதான் அந்தப் பெயர் சொல்கிறது, மீதியை மறைக்கிறது என்பது ஆஸ்மண்டின் குறை. அதனால்தான் ‘சைக்கோ’ என்ற முன்னொட்டையும் தள்ளிவிட்டு ‘சைக்கே’ என்று வைத்தார். தமிழிலேயே இன்று ‘அவன் ஒரு சைக்கோ’ என்றால் என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியுமே. இவ்வளவு பார்த்துப் பார்த்து வைத்த பெயரை நாம் ‘மனமயக்கம்’ என்று எழுதினால், அவர் கழற்றி எறிந்த பழைய சீட்டையே எடுத்து மறுபடி ஒட்டியதாகிறது.

மயக்கம் என்ற சொல்லைத்தான் கொஞ்சம் பாருங்களேன். இலக்கணத்தில் மெய்ம்மயக்கம், உருபுமயக்கம், திணைமயக்கம் என்று படித்திருப்போம். ஒன்றோடு ஒன்று கலப்பது, ஒன்றின் இடத்தில் இன்னொன்று வருவது அங்கெல்லாம் மயக்கம். வெயிலில் மயங்கி விழுந்தாள் என்றால் நினைவு தப்பியது. அறுவை சிகிச்சைக்கு முன் கொடுப்பது மயக்க மருந்து. அது உணர்வை மரக்கச் செய்கிறது. மாலை மயங்கும் நேரம் என்றால் வெளிச்சமும் இருட்டும் பிரித்தறிய முடியாமல் போகிற நேரம். எந்தப் பக்கம் போனாலும் தெளிவு குறைவதுதான் மயக்கத்தின் அடிப்படை. டெலிக் என்ற பாதியோ தெரியவைப்பதைச் சொல்கிறது. இரண்டும் ஒரே சொல்லில் எப்படிப் பொருந்தும்?

“இசையில் மயங்கினேன் என்று சொல்வதில்லையா, அது நல்ல பொருள்தானே” என்று ஒரு வாதம் வரும். வந்திருக்கிறது. சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். புல்லாங்குழலில் மயங்குகிறோம், தாலாட்டில் மயங்குகிறோம், நாகசுரத்தில் தோடி கேட்டு மயங்குகிறோம். அப்படியானால் நல்ல இசை எல்லாமே மனமயக்க இசைதான். ஒரு வகையைப் பிரித்துக் காட்டத்தானே பெயர்? எல்லாவற்றுக்கும் பொருந்துகிற பெயர் எதையும் பிரித்துக் காட்டாது.

இன்னும் சிலர் ‘மாயத்தோற்ற இசை’ என்கிறார்கள். மாயத்தோற்றம் என்பது இல்லாததைக் காண்பது, கேட்பது. அதற்கு மருத்துவத்தில் தனிச்சொல் இருக்கிறது, ‘ஹாலுசினேஷன்’. அதற்கு ‘மாயத்தோற்றம்’ பொருத்தமான சொல்; அதை அங்கேயே விட்டுவைக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே தமிழ்ச்சொல் என்றால், இரண்டும் ஒரே வாக்கியத்தில் வரும்போது மொழிபெயர்ப்பாளர் என்ன செய்வார்? ‘போதை ராக்’ என்பவர்களோ சொல்லை விட்டுவிட்டு, அந்தக் காலத்து இளைஞர்களின் பழக்கத்தைப் பெயராக வைக்கிறார்கள். தமிழில் போதைக்குப் பக்கத்திலேயே ‘போதம்’ என்று ஒரு சொல் இருக்கிறது. சிவஞானபோதத்தில் வருகிற போதம், அறிவு. ஆஸ்மண்ட் தேடியது இந்தப் பக்கம். நாம் போய் நிற்பது அந்தப் பக்கம்.

இப்போது ‘சடோரி’க்கு வருவோம். சடோரி என்பது ஜென் பௌத்தச் சொல். ‘சடோரு’ என்ற ஜப்பானிய வினையிலிருந்து வந்தது. உணர்தல், தெரிந்துகொள்ளுதல் என்று பொருள். தன் இயல்பைத் தானே காண்கிற விழிப்பு. ஆல்பத்தில் உள்ள ஐந்து துண்டுகளுக்கும் வேறு பெயரே கிடையாது, சடோரி ஒன்று முதல் ஐந்து வரைதான். அட்டையைப் பாருங்கள்: அமர்ந்திருக்கும் புத்தரின் உருவம், அந்த உருவத்துக்குள்ளேயே நுணுக்கமான கோட்டோவியங்கள். உள்ளே இருப்பதை வெளியே தெரியக் காட்டுகிற படம் அது. தட்டில் ஊசியை வைத்தால் முதலில் மெல்லிய உயர்ந்த ஒலி ஒன்று நீளும். பிறகு பாடகர் ஜோ யாமனாகாவின் அலறல். அதன் பின்னால் டிரம்ஸும் கிட்டாரும் மொத்தமாக இறங்கும். இரண்டாம் துண்டில் டிரம்ஸ் ஒரே சீராக அடித்துக்கொண்டிருக்க, ஹிடெகி இஷிமாவின் கிட்டார் கீழைத்தேய ஸ்வரங்களில் வளைந்து வளைந்து போகும். தூங்குகிறவரை உலுக்கி எழுப்புகிற இசை இது. விழிப்பு என்றே பெயர் வைத்துக்கொண்டு வந்த ஆல்பத்துக்கு நாம் மயக்கம் என்று வகைப்பெயர் கொடுப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

அப்படியானால் தமிழில் என்ன சொல்வது? ‘மனவிரிவு’ என்று சிலர் எழுதுகிறார்கள். மோசமில்லை, ஆனால் விரிவது வேறு, வெளிப்படுவது வேறு. ‘மனந்திறப்பு’ பொருளுக்கு நெருக்கமாக வருகிறது. ஆனால் ‘மனந்திறந்து பேசினார்’ என்பது நம் நாளிதழ்களில் தினமும் வருகிற தொடர். ‘மனந்திறப்பு ராக்’ என்றால் யாரோ உண்மையை ஒளிக்காமல் பாடுகிறார் என்றுதான் வாசகர் நினைப்பார். அதனால் என் தேர்வு ‘உளந்திறப்பு’. உளம், உளவியல் வழியாகப் பழகிய சொல். திறப்பு என்றால் மூடியிருந்தது தெரியவருவது. உளந்திறப்பு ராக், உளந்திறப்பு ஓவியம், உளந்திறப்பு மருந்து என்று எங்கே வைத்தாலும் நிற்கிறது. மனச்சோர்வுக்குக் காளானிலிருந்து கிடைக்கும் சிலோசிபினைக் கொடுத்து ஆய்வுகள் நடக்கிற இந்தக் காலத்தில், மருத்துவச் செய்திக்கும் இசைக் கட்டுரைக்கும் ஒரே சொல் பொருந்தியாக வேண்டும். ‘மனமயக்க மருந்து’ என்று எழுதினால் அறுவை சிகிச்சை அரங்கில் கொடுப்பது என்று நோயாளி நினைத்துக்கொள்வார்.

இசை வகையின் பெயராக ‘சைக்கடெலிக் ராக்’ என்றே எழுதினாலும் எனக்குச் சம்மதம். டெக்ஸஸின் ஆஸ்டின் நகரத்துத் தர்டீன்த் ஃப்ளோர் எலிவேட்டர்ஸ் குழுவினர் 1966இலேயே தங்கள் முதல் ஆல்பத்தின் தலைப்பில் அந்தச் சொல்லை வைத்துவிட்டார்கள். ராக் என்பதையே நாம் மொழிபெயர்க்காமல்தான் வைத்திருக்கிறோம். பிழையான தமிழ்ச்சொல்லை எழுதுவதற்குக் கடன்சொல்லையே எழுதிவிடலாம். கடன்சொல் என்றால் வாசகர் பொருள் கேட்பார். தமிழ்ச்சொல் என்றால் புரிந்துவிட்டது என்று நம்பிப் போய்விடுவார்.

‘கனரக’ பற்றிச் சொல்கிறேன் என்றேன். கனரக வாகனம், கனரகத் தொழிற்சாலை என்று எடையாலும் அளவாலும் வகை பிரிக்கும் இடத்துச் சொல் அது. இசைக்கு ‘கனத்த’ போதும். கனத்த குரல் என்று நாம் எப்போதும் சொல்கிறோமே, கனத்த ராக் என்று சொல்ல என்ன தடை? அகராதியைத் திறந்து முதலில் கண்ணில் பட்டதை எடுத்து ஒட்டுகிற அவசரம்தான் இதெல்லாம்.

இதே அவசரத்தில் பிறந்த இன்னொன்று, பழைய ஆல்பம் மறுபடி தட்டாக வருவதை ‘வினைல் மறுபதிவு’ என்பது. பாட்டுப் பதிவு, ஒலிப்பதிவு என்பவை ஸ்டுடியோவில் நடப்பவை. மறுபதிவு என்றால் குழுவினர் திரும்ப ஸ்டுடியோவுக்குப் போய் வாசித்தார்கள் என்றாகும். ஜோ யாமனாகா 2011இல் காலமாகிவிட்டார். குழுவை உருவாக்கிய யூயா உச்சிடா 2019இல் காலமானார். புதிதாகக் கடைக்கு வருகிற தட்டில் இருப்பதும் அன்று பதிவான அதே குரல்தான். பழைய ஒலிநாடாவின் ஒலியைச் சீர்செய்து வெளியிட்டாலும், அப்படியே தட்டு அச்சடித்து வெளியிட்டாலும் அதற்குப் பெயர் மறுவெளியீடு. அச்சை மட்டும் குறிக்க வேண்டுமானால் ‘மறு அச்சு’ என்று எழுதலாம். சூடான வினைலை இரண்டு அச்சுத் தகடுகளுக்கு நடுவே வைத்து அழுத்தித்தான் தட்டு தயாராகிறது.