பீர் சக்கை: முயல் தீவனத்தில் ஒரு பெயர்க் குழப்பம்

முளைகட்டி உலர்த்திய பார்லியைப் பொடித்து, வெந்நீரில் ஊறவைத்து, இனிப்புச் சாற்றை வடித்தபின் தங்குவதே பீர் சக்கை. நூறு லிட்டர் பீருக்கு ஏறக்குறைய 20 கிலோ ஈரச் சக்கை மிஞ்சும். ஆங்கிலத்தில் இதன் பழம்பெயர் 'டிராஃப்'. ஜெர்மானியரின் 'டிரேபர்' அதற்கு உறவுச் சொல். இன்று வழங்கும் 'ஸ்பென்ட் கிரெய்ன்' என்பதைச் 'செலவழிந்த தானியம்' என்று பெயர்த்தால் எதுவும் விளங்காது.

பண்ணைகளில் இதையே 'மால்ட்' என்பார்கள். அது பிழை, தீவனக் கணக்கையும் கெடுக்கும். மால்ட் என்பது வடிப்பதற்கு முந்தைய, மாவுச்சத்து நிறைந்த முளைதானியம். வடித்தபின் மாவுச்சத்தில் பெரும்பகுதி போய்விடும். உமியும் புரதமும் நிற்கும். உலர்ந்த நிலையில் புரதம் 20 முதல் 27 விழுக்காடு. 'பீர்' என்ற முன்னொட்டால் சாராயம் இருக்குமோ என்ற அச்சமும் வருகிறது. சாறு நொதிக்கும் முன்பே சக்கை பிரிந்துவிடுவதால், புதிய சக்கையில் சாராயம் இல்லை. எரிசாராய ஆலைக் கழிவு வேறு. அது நொதித்து, காய்ச்சி வடித்தபின் கிடைப்பது.

ஆகவே 'முளைதானியச் சக்கை' என்பதே பொருத்தம். பார்லி மட்டுமே என்றால் வாற்கோதுமைச் சக்கை. 'சக்கை' என்றதும் சத்தற்றது என்று தோன்றுவதுதான் இப்பெயரில் உள்ள ஒரே குறை.

முயலுக்குக் கொடுக்கையில் முதல் எதிரி ஈரம். புதிய சக்கையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். வெயில் காலத்தில் இரண்டே நாளில் புளித்துப் பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சண நஞ்சைக் காய்ச்சியும் போக்க முடியாது. வந்த அன்றே பிழிந்து, இரண்டு மூன்று சென்டிமீட்டர் கனத்தில் பரப்பி, கிளறிக் கிளறி ஈரம் 10 விழுக்காட்டுக்கு வரும்வரை உலர்த்த வேண்டும். கையில் நசுக்கினால் நொறுங்க வேண்டும். ஒட்டினால் மூட்டை கட்டாதீர்கள். நூறு கிலோவிலிருந்து 25 கிலோ கிடைத்தாலே அதிகம்.

அடர்தீவனத்தில் 5 விழுக்காட்டில் தொடங்கி, பத்து நாளில் 15 வரை போகலாம். சட்டென்று மாற்றினால் பெருங்குடல்வாயின் நுண்ணுயிர்ச் சமநிலை குலைந்து கழிச்சல் வரும். பால் மறந்த குட்டிகள்தாம் முதலில் சாகும். அவற்றுக்கு ஈரச் சக்கை வேண்டவே வேண்டாம். வளர்ந்த முயலுக்கு நாளொன்றுக்கு 60 கிராம் ஈரச் சக்கை போதும்; மிச்சத்தைச் சில மணி நேரத்தில் அள்ளிவிடுங்கள்.

நார் இருக்கிறதே என்று உலர்புல்லை நிறுத்துவோர் உண்டு. நொறுங்கிய உமி, குடலை உந்தித் தள்ளும் நீள நாரின் வேலையைச் செய்யாது. சுண்ணாம்புச் சத்தும் இதில் குறைவு, பாஸ்பரஸ் கூடுதல். பாலூட்டும் தாய்முயலுக்குக் குதிரை மசால் என்ற தீவனப் பயிரோ சுண்ணாம்புக்கல் தூளோ சேர்த்துச் சரிக்கட்ட வேண்டும்.

பீர் நொதிக்கும் தொட்டியின் அடியில் படியும் ஈஸ்ட் கசடு தனிப்பொருள். சூடேற்றி உயிரழிக்காமல் கொடுத்தால் வயிற்றில் நொதித்து, வயிறு உப்பிவிடும்.